மயக்க மருந்து அலர்ஜி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறுவை சிகிச்சைக்கு முன்னால் நோயாளியைப் பார்த்து, "இவருக்கு மயக்கம் கொடுக்கலாமா, எப்படிக் கொடுக்கலாம்" என்று முடிவு செய்வது மயக்கவியல் மருத்துவரான எனக்கு அன்றாட வேலை. அந்த அறையில் நான் அடிக்கடி கேட்கிற வாக்கியம்: "எனக்கு மயக்க ஊசி ஒத்துக்காது டாக்டர்." என்ன ஊசி, எப்போது, அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. சிலருக்கு நடந்தது இரண்டு தடவை வாந்தி. சிலருக்கு உயிர் போய்த் திரும்பியிருக்கிறது. இரண்டு பேரும் சொல்வது ஒரே வாக்கியம்தான். எதிரில் உட்கார்ந்திருக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

"ஒத்துக்கவில்லை" என்பதெல்லாம் அலர்ஜிதானா?

பெரும்பாலும் இல்லை. குமட்டல், கண் விழிக்கும்போது நடுக்கம், தொண்டைக் கரகரப்பு, முதுகில் ஊசி போட்ட மறுநாள் தலைவலி, இவை தொல்லைகள்தான், அலர்ஜி அல்ல. பல் பிடுங்க ஊசி போட்டதும் நெஞ்சு படபடத்தது என்பார்கள். அந்த ஊசியில் பெரும்பாலும் அட்ரினலின் கலந்திருக்கும், படபடப்பு அதனால் வருவது. பயத்தில் கண் இருட்டி விழுபவர்களும் உண்டு. மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்ன் வகை ஊசிகளுக்கு உண்மையான அலர்ஜி மிக அபூர்வம்.

இன்னும் இரண்டு விஷயங்கள் அலர்ஜி என்றே வீட்டில் பேசப்படும். ஒன்று, ஸ்கோலின் (சக்சினைல்கோலின்) என்ற தசை தளர்த்தும் ஊசி போட்டபின் மூச்சுத் திரும்ப மணிக்கணக்கில் ஆவது. அந்த மருந்தை உடைக்கும் நொதி ரத்தத்தில் பிறவியிலேயே குறைவாக இருப்பதால் வருவது அது. தென்னிந்தியாவில் வைசிய சமூகத்தாரிடம் இந்தக் குறை மற்றவர்களைவிட அதிகம் என்று ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. மற்றொன்று, சில மயக்க வாயுக்களாலும் ஸ்கோலினாலும் தசைகள் விறைத்து உடல் கொதிக்கும் மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா. இரண்டுமே ஆபத்தானவை, இரண்டுமே குடும்பத்தில் தொடரக்கூடியவை. ஆனால் அலர்ஜி அல்ல. அதனால்தான் "ஒத்துக்கவில்லை" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எங்களால் எதுவும் செய்ய முடிவதில்லை.

அப்படியானால் உண்மையான கடும் அலர்ஜி எது?

அனாஃபிலாக்சிஸ் என்பது அதன் பெயர். தோலிலும் நுரையீரலிலும் ரத்தக்குழாய் ஓரங்களிலும் மாஸ்ட் செல்கள் இருக்கின்றன. ஹிஸ்டமின், டிரிப்டேஸ் போன்ற பொருள்களைப் பொட்டலம் பொட்டலமாக உள்ளே வைத்திருக்கும் செல்கள் இவை. உடம்பு ஒரு மருந்தை எதிரியாக ஏற்கெனவே குறித்து வைத்திருந்தால், அதற்கான ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதம் இந்தச் செல்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். மருந்து வந்து அதில் மாட்டியதும் பொட்டலங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் உடைகின்றன. ரத்தக்குழாய்கள் தளர்ந்து விரிகின்றன, ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிகிறது, மூச்சுக்குழாய்கள் இறுகுகின்றன. சில நிமிடங்களுக்குள் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போய்விடும். ஐஜிஇ இல்லாமலேயே மாஸ்ட் செல்களை நேரடியாகக் கிளறிவிடும் மருந்துகளும் உண்டு. வேகமாக ஏற்றினால் வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் அதைச் செய்யும்.

பெயர் வந்த கதையும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். 1901இல் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் ஆராய்ச்சிக் கப்பலில் சார்ல் ரிஷே, போல் போர்த்தியே என்ற இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள் கடலில் மிதக்கும் ஒரு கொட்டும் உயிரினத்தின் விஷத்தை ஆராயத் தொடங்கினார்கள். ஊர் திரும்பியபின் கடற்சாமந்தியின் விஷத்தை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் ஊசியைத் தாங்கிய நாய்க்குச் சில வாரம் கழித்து அதைவிடச் சிறிய அளவு போட்டதும் நிமிடங்களில் செத்துப்போயிற்று. தடுப்பூசி போலப் பாதுகாப்பு வரும் என்று எதிர்பார்த்த இடத்தில் நேர் எதிரானது நடந்தது. 1902இல் அதற்கு அனாஃபிலாக்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். 1913இல் ரிஷேக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எத்தனை பேருக்கு வருகிறது? உயிருக்கு ஆபத்தா?

பிரிட்டன் மயக்கவியல் மருத்துவர்கள் ஒரு வருடம் நாடு முழுவதும் கணக்கெடுத்து 2018இல் வெளியிட்ட ஆறாவது தேசியத் தணிக்கைதான் எங்கள் துறையில் இன்று அதிகம் மேற்கோள் காட்டப்படுவது. அதன்படி ஏறக்குறைய 10,000 மயக்கங்களுக்கு ஒன்றில் உயிருக்கு ஆபத்தான அலர்ஜி வந்தது. அவர்கள் ஆராய்ந்த 266 பேரில் 10 பேர் இறந்தார்கள், மற்றவர்கள் பிழைத்தார்கள். இவ்வளவு கடுமையான ஒன்றிலிருந்து இத்தனை பேர் மீண்டதற்கு முக்கியக் காரணம், அது நடக்கும்போது பக்கத்திலேயே ஒரு மயக்க மருத்துவர், ஆக்சிஜன், மானிட்டர், அட்ரினலின் எல்லாம் இருப்பதுதான். பந்தியில் இறால் சாப்பிட்டு அலர்ஜி வந்தவருக்கு அந்த வசதி இல்லை.

ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களுக்கு வந்தால் நிலைமை கடுமையாகும். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவர்களுக்கு அட்ரினலின் சரியாக வேலை செய்யாமல் போகலாம். அதற்கு குளுகாகான் என்று வேறு மருந்து இருக்கிறது. இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எங்களிடம் சொன்னால் போதும்.

எந்த மருந்தால் வருகிறது? தூங்க வைக்கும் மருந்தாலா?

இங்கேதான் பலருக்கு ஆச்சரியம். தூங்க வைக்கும் மருந்து அபூர்வமாகத்தான் குற்றவாளி. முகமூடியில் வரும் மயக்க வாயுவால் அனாஃபிலாக்சிஸ் வருவதில்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

பிரிட்டன் தணிக்கையில் காரணம் கண்டுபிடிக்கப்பட்டவற்றில் கிட்டத்தட்ட பாதி, அதாவது 47 சதவீதம், ஆன்டிபயாட்டிக். புண் சீழ் பிடிக்காமல் இருக்க அறுவைக்குக் கொஞ்சம் முன்னால் போடும் ஊசி அது. அடுத்து 33 சதவீதம் தசை தளர்த்தும் மருந்துகள்: ஸ்கோலின், ரோகுரோனியம், அட்ராகுரியம் முதலியவை. மூன்றாவதாக 9 சதவீதம் குளோர்ஹெக்சிடின். அது மருந்துப் பட்டியலிலேயே இருக்காது. தோலைத் துடைக்கும் கிருமிநாசினியில், சிறுநீர்க் குழாய் போடும்போது தடவும் ஜெல்லில், கழுத்து ரத்தக்குழாயில் வைக்கும் சில குழாய்களின் பூச்சில் ஒளிந்திருக்கும். காரணம் தேடும்போது கண்ணில் படாமல் தப்பிவிடும், அடுத்த அறுவையில் மறுபடி வந்து நிற்கும். மார்பகப் புற்றுநோய் அறுவையில் நெறிக்கட்டியை அடையாளம் காணச் செலுத்தும் நீலச்சாயம் இன்னொன்று. ரத்த இழப்புக்கு ஏற்றும் ஹீமாசெல் போன்ற ஜெலட்டின் திரவங்களும் இந்தப் பட்டியலில் உண்டு.

ரப்பர் கையுறையின் லேடெக்ஸ் ஒரு காலத்தில் பெரிய பிரச்சினையாக இருந்தது. அந்தத் தணிக்கையில் லேடெக்ஸால் ஒருவருக்குக்கூட வரவில்லை. ஆனாலும் பலூன் ஊதினால் உதடு வீங்கும், வாழைப்பழமோ அவகாடோவோ சாப்பிட்டால் வாய் அரிக்கும் என்றால் கட்டாயம் சொல்லுங்கள்.

மயக்கத்தில் இருக்கும்போது அரிக்கிறது, மூச்சு முட்டுகிறது என்று சொல்ல முடியாதே. டாக்டருக்கு எப்படித் தெரியும்?

நியாயமான பயம். நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

பித்தப்பைக் கல் அறுவைக்கு வந்த ஒரு பெண்மணி, நாற்பதுகளில் இருப்பார். ஆன்டிபயாட்டிக் போட்டாயிற்று, தூங்க வைத்தாயிற்று, தசை தளர்த்தும் மருந்து கொடுத்து மூச்சுக்குழாயில் டியூப் வைத்தாயிற்று. இரண்டு நிமிடம் ஆகியிருக்கும், மூச்சு கொடுக்கும் பையை அமுக்கிய என் கைக்கு எதிர்ப்பு தெரிந்தது, உள்ளே காற்று போகவில்லை. டியூப்தான் மடங்கிவிட்டதோ என்று முதலில் அதைப் பார்த்தேன். அதற்குள் மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவின் எண் 34லிருந்து 12க்கு வந்துவிட்டது. கையில் கட்டியிருந்த பி.பி. பட்டை காற்றடித்துத் தளர்ந்து, மறுபடி காற்றடித்து, எண் காட்டாமல் நின்றது. கழுத்தில் விரல் வைத்தால் நாடி நூல் போல இருந்தது. பச்சைத் துணியை விலக்கித் தோலைப் பார்த்தோம். தடிப்பு ஒன்றும் இல்லை, வெளிறித்தான் இருந்தது. அட்ரினலின் போட்டு ரத்த அழுத்தம் ஏறிய பிறகுதான் வயிறும் தொடையும் செக்கச்செவேல் என்று தடித்துக்கொண்டு வந்தன.

இது விதிவிலக்கு அல்ல. தோலுக்கு ரத்தமே போகாதபோது தடிப்பு எப்படி வரும்? மயக்கத்தில் வரும் கடும் அலர்ஜியில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு முதல் அறிகுறி ரத்த அழுத்தம் விழுவதுதான். மயக்க மருந்தே ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும் என்பதால் முதல் ஒன்றிரண்டு நிமிடம் குழப்பம் வரலாம். வழக்கமான மருந்துக்கு பி.பி. ஏறாவிட்டால் அலர்ஜியாக இருக்குமோ என்று உடனே சந்தேகிக்கவேண்டும். இதைப் பயிற்சி மருத்துவர்களுக்கு எத்தனை தடவை சொன்னாலும் எனக்குப் போதவில்லை.

வந்துவிட்டால் உடனே என்ன செய்வார்கள்?

அட்ரினலின். அதற்கு மாற்று கிடையாது. ஒரு மில்லி ஆம்பியூலில் ஒரு மில்லிகிராம் இருக்கும். அதைப் பத்து மில்லியாக நீர்த்து, பெரியவர்களுக்கு அதிலிருந்து அரை மில்லி, அதாவது 50 மைக்ரோகிராம், ரத்தக்குழாய் வழியாகக் கொடுத்து, மானிட்டரைப் பார்த்துப் பார்த்துத் திரும்பக் கொடுப்போம். ரத்தக்குழாய் கிடைக்காவிட்டால் தொடைத் தசையில் 0.5 மில்லிகிராம். கூடவே முழு ஆக்சிஜன், கால்களை உயர்த்துவது, சலைனை லிட்டர் கணக்கில் வேகமாக ஏற்றுவது. மேல் ரத்த அழுத்தம் 50க்குக் கீழே போனால், இதயம் துடித்துக்கொண்டிருந்தாலும் நெஞ்சை அழுத்தத் தொடங்கவேண்டும் என்பது இன்றைய வழிகாட்டுதல்.

அலர்ஜிக்கு வழக்கமாகப் போடும் ஏவில், ஸ்டிராய்டு ஊசிகள் எல்லாம் அதற்குப் பிறகுதான். அரிப்பைக் குறைக்கும், விழுந்த ரத்த அழுத்தத்தைத் தூக்காது. அவற்றை முதலில் தேடுவதில் போகும் இரண்டு நிமிடம் விலை மிக அதிகம். சிசேரியனின்போது வந்தாலும் மருந்து இதேதான். அம்மாவைக் காப்பாற்றுவதுதான் குழந்தையையும் காப்பாற்றும் வழி.

அவசரமில்லாத அறுவை என்றால் அத்துடன் நிறுத்தி ஐசியுவுக்கு அனுப்புவார்கள். வெளியே காத்திருக்கும் குடும்பத்துக்கு, "ஆபரேஷன் பண்ணாமலே கொண்டு வந்துட்டாங்களே" என்று கோபம் வருவது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த நேரத்தில் நிறுத்துவதுதான் பெரும்பாலும் சரியான முடிவு.

டெஸ்ட் டோஸ் போட்டுத்தானே ஊசி போடுகிறார்கள்? அப்புறம் எப்படி அலர்ஜி வரும்?

நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த காட்சி. முன்கையில் தோலுக்கடியில் துளி ஆன்டிபயாட்டிக், சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம், பதினைந்து இருபது நிமிடம் கழித்து நர்ஸ் வந்து பார்த்துவிட்டு "ஒண்ணும் இல்ல" என்று எழுதிக்கொள்வார். பல நாடுகளில் இந்த வழக்கமே கிடையாது, பிரிட்டன் தணிக்கையும் இதைப் பரிந்துரைக்கவில்லை.

முறையான தோல் பரிசோதனைக்கு மருந்தைத் தோலை எரிச்சல்படுத்தாத அளவுக்கு நீர்க்கவேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்திலேயே வெறும் சலைனும் ஹிஸ்டமினும் குத்தவேண்டும். இவை இல்லாத வட்டம் இரண்டு பக்கமும் ஏமாற்றும். மருந்தின் காரத்தால் சிவந்ததை அலர்ஜி என்று எழுதிவிடலாம். சிவக்காதவருக்கு முழு டோஸில் அனாஃபிலாக்சிஸ் வரலாம். அந்தத் துளியே ஒருவரைச் சாய்த்துவிடவும் கூடும்.

மருத்துவமனை விதிப்படி டெஸ்ட் டோஸ் போட வந்தால் சண்டை போடவேண்டாம். ஆனால் "டெஸ்ட்ல ஒண்ணும் இல்ல" என்பதை முழு உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதைவிட உங்கள் பழைய கதையைக் கேட்பது பல மடங்கு உதவும். எனக்குப் பிடித்த வழி, ஆன்டிபயாட்டிக்கைத் தூங்க வைப்பதற்குச் சில நிமிடம் முன்னாலேயே, மானிட்டர் மாட்டி, நோயாளி பேசிக்கொண்டிருக்கும்போது கொடுப்பது. ஏதாவது வந்தால் வாயால் சொல்வார். காரணம் எந்த மருந்து என்பதிலும் குழப்பம் குறையும்.

சின்ன வயதில் பென்சிலின் அலர்ஜி என்று எழுதிவிட்டார்கள். அப்படியே சொல்லிக்கொண்டிருப்பது பாதுகாப்புதானே?

அப்படித் தோன்றும், ஆனால் எப்போதும் பாதுகாப்பு அல்ல. அந்த முத்திரையோடு வருபவர்களை முறையாகப் பரிசோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பென்சிலினைத் தாங்குகிறார்கள். பல குழந்தைகளுக்கு அன்று வந்தது வைரஸ் காய்ச்சலின் தடிப்பு. பிரிட்டனில் இப்படி முத்திரை குத்தப்பட்டவர்களுக்குப் பதிலாகக் கொடுத்த டைகோபிளானின் என்ற மருந்துதான், தணிக்கையில் ஒரு லட்சம் பேருக்கு 16 என்ற கணக்கில் ஆன்டிபயாட்டிக்குகளிலேயே அதிக அனாஃபிலாக்சிஸை உண்டாக்கியது. இல்லாத அலர்ஜிக்குப் பயந்து மாற்றிய மருந்து உண்மையான அலர்ஜியைக் கொடுத்திருக்கிறது. அறுவைக்கு அவகாசம் இருந்தால் அலர்ஜி மருத்துவரைப் பார்த்து அந்த முத்திரை சரியா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

முட்டை, மீன் ஒத்துக்காது. மயக்கம் கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுக்கலாம். பால் போல வெள்ளையாக இருக்கும் புரோபோஃபாலில் முட்டையிலிருந்து எடுத்த லெசித்தின் இருக்கிறது. முட்டை அலர்ஜி வருவது அதன் புரதத்துக்கு, லெசித்தினுக்கு அல்ல. மீன், இறால் அலர்ஜிக்கும் தோலைத் துடைக்கும் அயோடினுக்கும் சம்பந்தமில்லை.

நான் இதுவரை மயக்கமே வாங்கியதில்லை. முதல் தடவையே வருமா?

வரலாம். தசை தளர்த்தும் மருந்துகளில் குவாட்டர்னரி அம்மோனியம் என்ற வேதி அமைப்பு இருக்கிறது. அதே போன்ற அமைப்பு சில அழகுசாதனங்களிலும் துப்புரவுப் பொருள்களிலும் உண்டு. உடம்பு அங்கேயே பழகி எதிரியாகக் குறித்து வைத்திருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

இதில் மிகத் தெளிவான பாடம் கற்றுத்தந்தது ஓர் இருமல் மருந்து. நார்வேயில் தசை தளர்த்தும் மருந்து அலர்ஜி பக்கத்து ஸ்வீடனைவிட மிக அதிகமாக இருந்தது. ஏன் என்று தேடியபோது, நார்வேக்காரர்கள் குடித்த ஃபோல்கோடின் என்ற இருமல் சிரப் மாட்டியது. ஸ்வீடனில் அது விற்பனையில் இல்லை. 2007இல் நார்வே அதை நிறுத்தியது, அதன்பின் அங்கே மக்கள் ரத்தத்தில் அந்த வேதி அமைப்புக்கு எதிரான ஐஜிஇ படிப்படியாகக் குறைந்தது. 2022 டிசம்பரில் ஐரோப்பிய மருந்து முகமையும் அதைச் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது. ஆகவே கடந்த 12 மாதத்தில் ஃபோல்கோடின் உள்ள சிரப் குடித்திருந்தால் சொல்லிவிடுங்கள். பெயர் தெரியாவிட்டால் பாட்டிலையே கொண்டு வாருங்கள்.

அம்மாவுக்கு வந்தது. எனக்கும் வருமா?

இந்த அலர்ஜி வம்சாவளியாக வருவதில்லை. ஆனால் அம்மாவுக்கு வந்தது அலர்ஜிதானா, நான் மேலே சொன்ன ஸ்கோலின் பிரச்சினையா, உடல் கொதிக்கும் பிரச்சினையா என்பது தெரியவேண்டும். அவை குடும்பத்தில் வரும்.

ஒரு தடவை வந்துவிட்டது. இனிமேல் ஆபரேஷனே கூடாதா?

கூடும். எந்த மருந்து என்று தெரிந்தால் அதைத் தவிர்த்து மற்றவற்றைத் தைரியமாகக் கொடுக்கலாம். கண்டுபிடிக்கும் வேலை தியேட்டரிலேயே தொடங்குகிறது. நிலைமை கைக்கு வந்ததும் ரத்தம் எடுத்து டிரிப்டேஸ் அளவைப் பார்க்கவேண்டும். ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் ஒரு தடவை, ஒரு நாளாவது கழித்து இன்னொரு தடவை. இரண்டையும் ஒப்பிட்டால் மாஸ்ட் செல்கள் உடைந்தனவா என்று தெரியும். அதன்பின் நான்கு முதல் ஆறு வாரம் கழித்து, அன்று உடம்பில் பட்ட ஒவ்வொன்றுக்கும், குளோர்ஹெக்சிடின் உட்பட, தோல் பரிசோதனை. எல்லா ஊரிலும் இந்த வசதி இல்லை, பெரிய மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் விசாரிக்கவேண்டியிருக்கும். அலைச்சல்தான், ஆனால் போயே ஆகவேண்டும்.

ஏனென்றால் ஊகம் தப்பும். மேலே சொன்ன பித்தப்பைப் பெண்மணிக்கு நாங்கள் எல்லாரும் சந்தேகப்பட்டது ஆன்டிபயாட்டிக்கை. பரிசோதனையில் தடித்தது தசை தளர்த்தும் மருந்துக்கு. அந்த வகையில் ஒன்றுக்கு அலர்ஜி என்றால் இன்னொன்றுக்கும் இருக்கலாம் என்பதால் மற்றவற்றையும் குத்திப் பார்த்தோம். ஒத்துக்கொண்ட ஒன்றை வைத்து மூன்று மாதம் கழித்து அதே அறுவை நடந்தது, நான்காம் நாள் வீட்டுக்குப் போனார்.

பரிசோதனைக்கு நேரமில்லாத அவசர அறுவை என்றால், முன்பு அலர்ஜிக்குச் சற்று முன்னால் கொடுத்த எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, முதுகில் மரக்க வைப்பது அல்லது மயக்க வாயு என்று போவோம். முன்னெச்சரிக்கையாக ஸ்டிராய்டு போட்டுவிட்டால் அனாஃபிலாக்சிஸ் வராது என்று நம்பி அதே மருந்தைக் கொடுப்பது தவறு.

நான் என்ன தாளைக் கேட்டு வாங்கவேண்டும்?

போன வருடம் கர்ப்பப்பை அறுவைக்காக ஓர் அம்மா வந்தார். ஆறு வருடத்துக்கு முன்னால் வேறோர் ஊரில் குடலிறக்க அறுவையின்போது "ஹார்ட் நின்னு போச்சாம், நெஞ்ச அமுக்கித்தான் கொண்டு வந்தாங்களாம்" என்றார். மஞ்சப்பையிலிருந்து மடிப்பில் கிழிந்த டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துத் தந்தார். அதில் இதைப்பற்றி இருந்தது ஒரே வரி: "மயக்க மருந்துக்கு அலர்ஜி". எந்த மருந்து? அந்த மருத்துவமனைக்கு மகனை அனுப்பிக் கேட்டோம், பழைய கேஸ் ஷீட் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தால் அந்த அம்மா இரண்டு மாதம் ரத்தப்போக்கோடு பரிசோதனைக்கு அலைந்திருக்க வேண்டாம். எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால் டிஸ்சார்ஜ் ஆகும்போது தயங்காமல் கேளுங்கள், தனிக் கடிதமாக. நடந்த தேதி, அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் கொடுத்த மருந்துகள் அனைத்தின் பெயரும் கொடுத்த நேரமும், எந்தக் கிருமிநாசினியால் துடைத்தார்கள், என்ன குழாய் போட்டார்கள், முதலில் தெரிந்த அறிகுறி, கொடுத்த அட்ரினலின் எவ்வளவு, டிரிப்டேஸ் எடுத்திருந்தால் அதன் எண்கள். மயக்க சார்ட்டின் நகல் கிடைத்தால் இன்னும் நல்லது. கம்பெனிப் பெயர் மட்டும் போதாது, மருந்தின் மூலப்பெயர் வேண்டும். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கும் இதைத் தெரிவிக்கலாம். கட்டணமில்லாத எண் 1800-180-3024, நோயாளியே கூப்பிடலாம்.

கடிதத்தை லேமினேட் செய்துகொள்ளுங்கள். ஒரு போட்டோ உங்கள் போனில், ஒன்று வீட்டில் இன்னொருவர் போனில். விபத்து நடந்து நீங்கள் பேச முடியாமல் வரும் நாளில் அவர்தான் எங்களிடம் அதைக் காட்டவேண்டியிருக்கும்.